வாங்கின ஆள்தான் திருப்பணும்

லைன்மேன் மணவாளனோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அவனுடைய எல்.சி. கெடுபிடியைத்தான். ஆள் தங்கமானவன், டீக்கடையில் கூட வந்தவர்களைப் பைக்குள் கைவிட விடமாட்டான், ஆனால் எல்.சி. என்று வந்துவிட்டால் பெத்த அப்பன் வந்து சொன்னாலும் நம்பமாட்டான் என்பார்கள்.

எல்.சி. என்றால் லைன் கிளியர். கம்பத்தில் ஏறுமுன் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, இன்ன லைனில் ஏறப்போகிறேன், கரண்டை நிறுத்துங்கள் என்று தன் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே இருப்பவர் நிறுத்திவிட்டு ஒரு நம்பர் கொடுப்பார். வேலை முடிந்து கடைசி ஆளும் இறங்கிய பிறகு, வாங்கின அதே ஆள், தன் வாயால் அந்த நம்பரைச் சொல்லித் திருப்பினால்தான் மறுபடி கரண்டு விட வேண்டும். அவ்வளவுதான் சட்டம், சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஆனாலும் இதில் உயிர் போகத்தான் செய்கிறது. மழை நேரம், பசி நேரம், ‘அவரு சொன்னா என்னா, நான் சொன்னா என்னா’ என்று தோன்றுகிற நேரம் என்று மனுஷனுக்குச் சில நேரங்கள் இருக்கின்றனவே.

இரண்டாயிரத்து நாலு ஐப்பசி மழையில் மணவாளனின் கூட்டாளி பழனிவேல் போனது அப்படித்தான். எல்.சி. வாங்கிக்கொண்டு பழனிவேல் மேலே ஏறியிருந்தான். நாலு கம்பம் தள்ளி நின்ற தங்கராசு, வேலை முடிந்திருக்கும் என்று தானாக நினைத்துக்கொண்டு சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, “பழனிவேல் பேசறேன்” என்று, காலையில் பழனிவேல் வாங்கும்போது காதில் விழுந்த நம்பரைச் சொல்லித் திருப்பிவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து ஒரு ஊரே கரண்டு இல்லாமல் கிடக்கிறதே என்கிற அவசரம்தான். பழனிவேலைக் கம்பத்திலிருந்து இறக்கித் தோளில் வாங்கியவன் மணவாளன். ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தபோது தங்கராசு, “பழனிவேல்தான் சார் மேல இருந்தபடியே திருப்பச் சொன்னாரு” என்றான். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போகிறானா? வெளியே வந்ததும் மணவாளன் அவனைச் செருப்பால் அடித்தான்.

“போன் போட்டதக்கூட மன்னிச்சிடலாம். வாய் தொறக்க முடியாதவன் தலையில பழியப் போட்டான் பாரு, அத எந்த ஜென்மத்துலயும் மன்னிக்க முடியாது” என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவி இளவரசியிடம் சொன்னான். அவளுக்கு அது நன்றாக நினைவிருந்தது.

இளவரசி கீரப்பாளையத்துப் பெண். சிதம்பரத்தில் வண்டிகேட் பக்கம் அவர்கள் இருந்த வாடகை வீட்டின் வாசல் அறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். மிஷின் ஓடினாலும் நின்றாலும் அவள் வாய் ஓயாது. ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து சிரித்துவிட்டுத்தான் போவார்கள். ஒரே மகள் சிந்துஜா, பேச்சில் அம்மாவைப் போல, பிடிவாதத்தில் அப்பாவைப் போல.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஆனி மாதம் இளவரசிக்கு இடது கண்ணுக்குப் பின்னால் வலி வந்தது. பிறகு அந்தக் கண் இமை தானாக இறங்கியது. ஊசியில் நூல் கோக்கப் பார்த்தால் இரண்டு ஊசி தெரிந்தது.

“ஒரு மாமாவையே சமாளிக்க முடியல, இப்ப ரெண்டு மாமா தெரியிறாங்க. யாருக்குச் சோறு போட?” என்று அவள் சிரித்தாள். மணவாளனுக்குச் சிரிப்பு வரவில்லை. கடலூருக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினான். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கோளாறு கண்ணுல இல்ல, அதுக்கும் பின்னால. உடனே தலைய ஸ்கேன் எடுங்க” என்றார். ஸ்கேனில் தெரிந்தது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயில், இடது பக்கம், ஒரு சின்ன நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. சைக்கிள் டியூப் ஒரு இடத்தில் மெலிந்து புடைத்துக்கொள்ளுமே, அப்படி. வெடித்தால் ஆள் பிழைப்பது அரிது என்று சொல்லிச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள்.

சென்னையில் பார்த்தவர் டாக்டர் பாலகுமார். மங்கலம்பேட்டைக்காரர். ஊர்ப்பக்கத்து ஆட்கள் என்று தெரிந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். மண்டையைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடலாம், ஆனால் இவளுக்குப் புடைப்பு இருக்கிற இடம் கத்திக்கு எட்டாத இடம். உள்ளே கம்பிச் சுருள் அடைக்கலாம், ஆனால் புடைப்பின் வாய் அகலம், சுருள் நிற்காது. இப்போது புதுசாக ஒன்று வந்திருக்கிறது என்று மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்தார். அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிச் செய்த ஒரு குழல் இருந்தது. வெளியே எடுத்து இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார், நூல் போல ஒடுங்கியது. உள்ளே தள்ளினார், விரிந்து பருத்தது.

“சார், இது எங்ககிட்ட இருக்கு” என்றான் மணவாளன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “தரைக்கு அடியில கேபிள் இழுக்கறப்போ முனையில ஒரு கம்பிச் சாக்ஸ் மாட்டுவோம் சார். இதே பின்னல்தான். இழுத்தா கவ்வும், தள்ளுனா விரியும். அது நம்ம கை தண்டிக்கு இருக்கும்.”

“அப்போ உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல” என்று டாக்டர் சிரித்தார். தொடையில் இருக்கிற ரத்தக்குழாய் வழியாக ஒடுங்கிய நிலையில் இதைத் தலை வரைக்கும் கொண்டுபோய், புடைப்பின் வாயை மூடுகிற மாதிரி குழாய்க்குள் விரித்துவிடுவார்கள். ரத்தம் பின்னலுக்குள் நேராக ஓடும், புடைப்புக்குள் போகிற வேகம் குறையும். உள்ளே தேங்கிய ரத்தம் மெல்ல உறைந்து, ஆறு மாதம் ஒரு வருஷத்தில் புடைப்பு தானாக அடைபட்டுப் போகும். வெட்டு இல்லை, தையல் இல்லை.

“ஆனா ஒண்ணு” என்று டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். “உள்ள இருக்கறது இரும்பு மாதிரி ஒரு அந்நியப் பொருள். அது மேல நம்ம தோல் வளந்து மூடுற வரைக்கும் ரத்தம் அதுல ஒட்டி உறையப் பாக்கும். உறைஞ்சா குழாய் அடைச்சிடும், மூளையில பாதி செத்துடும். உறையாம இருக்கத்தான் இந்த ரெண்டு மாத்திர. ஒரு நாள் விடக்கூடாது. காய்ச்சல் வந்தாலும் சரி, கல்யாணம் வந்தாலும் சரி, பல்லு புடுங்கப் போனாலும் சரி. எந்த டாக்டர் நிறுத்தச் சொன்னாலும் எனக்குப் போன் பண்ணுங்க. நான் சொல்லாம நிறுத்தாதீங்க.”

“புரியுது சார். எல்.சி. மாதிரி. வாங்குன ஆளுதான் திருப்பணும்” என்றான் மணவாளன். எல்.சி. என்றால் என்ன என்று டாக்டர் கேட்டார். இவன் சொன்னான். “அதேதான். இதுக்கு மேல யாராலயும் தெளிவா சொல்ல முடியாது” என்று டாக்டர் தன் செல்போன் நம்பரைச் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

புரட்டாசியில் அந்தப் பின்னல் உள்ளே போனது. செலவு எப்படிப் புரண்டது என்று எழுதப் புகுந்தால் அது வேறு கதை, விட்டுவிடலாம். இளவரசியின் அண்ணன் திருநாவுக்கரசு வயலில் நடவை அப்படியே போட்டுவிட்டு வந்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தான் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். தங்கச்சி என்றால் அவனுக்கு உயிர். இளவரசி தலையில் ஒரு முடிகூடக் கொட்டாமல் வீடு திரும்பினாள். கார்த்திகைக்குள் இமை மேலே ஏறிவிட்டது, இரண்டு மாமா மறுபடி ஒரு மாமா ஆனார்.

காலை எட்டரைக்கு மாத்திரை. மணவாளன் எந்த ஊரில் எந்தக் கம்பத்தடியில் நின்றாலும் எட்டரைக்கு அவன் போன் வந்துவிடும். “போட்டியா?” என்பான். “போட்டாச்சு, நம்பரு எழுதிக்குங்க, எல்.சி.ய திருப்பறேன்” என்று அவள் கலாய்ப்பாள். இப்படியே மார்கழி பாதி போனது.

டிசம்பர் முப்பது விடிகாலையில் ‘தானே’ புயல் கரையேறியது. கடலூரில் நிமிர்ந்து நின்ற கம்பத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற நிலை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து லைன் மேல் கிடந்தன. மாவட்டத்தில் இருந்த லைன்மேன் எல்லோரையும் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் ஓட்டினார்கள், வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மணவாளன் ஒரு மாற்றுச் சட்டையோடு போனவன் தொடர்ந்து ஒரு மாதம் பள்ளிக்கூடங்களில் படுத்துக்கொண்டு கம்பம் நட்டான். கரண்டு வந்தால் கையெடுத்துக் கும்பிட்ட சனம், வராத ஊரில் மண்ணை வாரித் தூற்றியது. போனில் சார்ஜ் நிற்காது. எட்டரை மணிப் பேச்சு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆகி, பிறகு நினைத்தபோது என்றானது.

தை மாதம் மூன்றாம் வாரத்தில் இளவரசிக்குச் சோறு பிடிக்காமல் போனது. வாந்தி வந்தது, சிறுநீர் மஞ்சளாகப் போனது, கண்ணும் மஞ்சளானது. ரத்தம் சோதித்ததில் காமாலை என்று சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் காமாலை என்றால் ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கிறவர்கள் குறைவு. இங்கிலீஷ் மருத்துவத்தில் இதற்கு மருந்தே கிடையாது என்று படித்தவர்களும் சொல்வார்கள். கீரப்பாளையம் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊரில் உத்திராபதி வைத்தியர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார். மணவாளனுக்குப் பதினாலு வயதில் காமாலை வந்தபோது குணமாக்கியது அந்த வீட்டு மருந்துதான். ஆகவே திருநாவுக்கரசு தங்கச்சியைப் பைக்கில் அங்கே கூட்டிப்போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அவளை வைத்தியரிடம் விட்டுவிட்டு அவன் உரம் வாங்கப் போய்விட்டான்.

வைத்தியரிடம் ஒரு விதி உண்டு. மருந்து மூன்று நாள், பத்தியம் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் உப்பு, புளி, எண்ணெய் கூடாது, இங்கிலீஷ் மாத்திரை வாயில் படவே கூடாது. சர்க்கரைக்காரர்களும் பிரஷர்காரர்களும் அதற்குத் தலையாட்டிவிட்டுத்தான் மருந்து வாங்குவார்கள். இளவரசி தலையாட்டவில்லை. வெளியே வந்து சென்னை டாக்டருக்குப் போன் அடித்தாள். லைன் போகவில்லை. பிறகு மணவாளனுக்கு அடித்தாள்.

அவன் அப்போது பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில், இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கம்பத்தடியில் நின்றிருந்தான்.

“மாமா, வைத்தியரு ரெண்டு மாத்திரையயும் நிறுத்தச் சொல்றாரு. ஒம்போது நாளைக்கு. ரெண்டு மருந்தும் சேந்தா ஈரலு வெந்துடுமாம். டாக்டருக்கு அடிச்சேன், போவல. என்னா பண்ணட்டும்?”

“ஒம்போது நாளா?”

“ஆமா. வேணாம்னா வாணாம் மாமா, நான் வீட்டுக்குப் போறேன். ஆனா நிக்கக்கூட முடியல.”

மேலே ஒருவன் ஏறிக் காத்துக்கொண்டிருந்தான். கீழே ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சுற்றி நின்று எப்போ வரும் எப்போ வரும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். “நீ இப்ப மருந்தக் குடி. மாத்திரைய நிறுத்து. டாக்டருகிட்ட நான் பேசிட்டுச் சொல்றேன்” என்றான் மணவாளன்.

அன்று மதியம் டாக்டருக்குப் போன் போடப் போனான். பேட்டரியில் ஒரே ஒரு கோடு மிச்சம் இருந்தது, அது எல்.சி. திருப்பத் தேவை. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தான். சாயங்காலம் போன் செத்துக் கிடந்தது. திங்கட்கிழமை நினைப்பே வரவில்லை. செவ்வாய்க்கிழமை கம்பத்தின் மேல் நிற்கும்போது நினைவு வந்தது. இறங்கி வந்ததும், மூன்று நாள் ஆகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றியது. இப்போது போன் போட்டால் மூன்று நாள் ஏன் நிறுத்தினாய் என்று டாக்டர் கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதனால் போடவில்லை.

புதன்கிழமை அவளே கூப்பிட்டாள். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. “மாமா, டாக்டரு என்னா சொன்னாரு?”

“பேசிட்டேன். ஒம்போது நாளுதான, பரவால்லன்னாரு” என்றான் மணவாளன்.

நாக்கு கொஞ்சமும் கூசவில்லை. ஏன் அப்படிச் சொன்னான் என்று பிறகு அவனே தன்னை எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தான். தூக்கம் இல்லை என்பது உண்மை. அவள் பயப்பட வேண்டாம் என்று நினைத்ததும் உண்மை. வைத்தியர் மேல் நம்பிக்கை இருந்ததும் உண்மைதான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் பதில் வரவில்லை. டாக்டர் பேரைச் சொல்லி டாக்டருக்குத் தெரியாமல் எல்.சி.யைத் திருப்பிவிட்டான் என்பதுதான் நடந்தது.

“அப்பாடா” என்றாள் இளவரசி. “நாலு நாளா அதான் மாமா மனசுக்குள்ள உறுத்திட்டே இருந்துச்சு.” அவள் சேர்ந்தாற்போல் பேசி அவன் கேட்டது அதுதான் கடைசி.

எட்டாம் நாள் காலை, மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வலது பக்கமாகச் சரிந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சிந்துஜா சத்தம் கேட்டு ஓடிவந்தாள். அம்மாவின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையைத் தூக்கி விட்டால் துணி போல விழுந்தது. சிதம்பரத்தில் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் சென்னைக்கு ஏற்றினார்கள். பின்னலுக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. டாக்டர் பாலகுமார் மறுபடி தொடை வழியாகப் போய்க் கொஞ்சம் திறந்தார். உயிர் தங்கியது, வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன.

மூன்றாம் நாள் அவள் கண் திறந்து பார்த்தாள். கட்டிலுக்கு ஒரு பக்கம் மணவாளன், மறுபக்கம் திருநாவுக்கரசு, கால்மாட்டில் டாக்டர். அவளுக்கு எல்லாம் காதில் விழுகிறது, புரிகிறது, சொல்லவோ எழுதிக்காட்டவோதான் முடியாது என்று டாக்டர் சொன்னார். பிறகு அவரால் அடக்க முடியவில்லை.

“மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?”

கேட்டதும் மணவாளன் மச்சானின் முகத்தைப் பார்த்தான். பதினோரு நாள் வராந்தாவில் கிடந்த முகம். டாக்டரைப் பார்த்தான். எல்.சி. மாதிரி சார் என்று தான் பெருமையாகச் சொன்னது காதுக்குள் கேட்டது.

“அவளாவே நிறுத்திட்டா சார். வைத்தியரு பேச்சக் கேட்டுட்டு. நான் வேலையில இருந்தேன், எனக்குத் தெரியாது.”

டாக்டர் அவள் பக்கம் குனிந்தார். “எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதாம்மா? நீங்களோ இவரோ யாராவது ஒரு வார்த்த கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனே.”

இளவரசி மெதுவாகக் கண்ணைத் திருப்பி மணவாளனைப் பார்த்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வார்த்தையாக ஆகவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு விட்டுவிட்டாள். அவள் கண் இரண்டும் பால் போல வெள்ளையாக இருந்தன. காமாலை சுத்தமாக இறங்கிவிட்டிருந்தது.

தங்கராசுவின் முகம் மணவாளனுக்கு அப்போதே ஞாபகம் வந்தது. நல்லவன் என்று பேர் எடுத்தவனுக்கு அந்தப் பேரே எப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்பதை அவன் அன்றைக்குத் தெரிந்துகொண்டான். இன்னும் கொஞ்ச நாளில் சொல்லிவிடலாம், அவள் தேறட்டும் என்று நினைத்தான். மனுஷன் எதற்குத்தான் நாள் குறிக்க மாட்டான்!

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். “ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொல்லியும் இப்படிப் பண்ணிட்டியே” என்றாள் பக்கத்து வீட்டு அமராவதி. திருநாவுக்கரசு வருகிறபோதெல்லாம், “வைத்தியரு வூட்டு வாசல்லயே நான் நின்னிருக்கணும். ஒரு வார்த்த என்னயக் கேட்டியா நீ?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டுவான். பரீட்சையைப் பாதி மனசோடு எழுதிவிட்டு வந்த சிந்துஜா ஒருநாள், “ஒன்னாலதாம்மா எல்லாம்” என்று கத்திவிட்டுப் பின்கட்டில் போய் அழுதாள். இளவரசி எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஊரே சிரிக்கப் பேசியவள், ஒரு இல்லை சொல்ல முடியாமல் கிடந்தாள். மணவாளன் அந்த நேரங்களில் எழுந்து வெளியே போய்விடுவான்.

மாத்திரை இனி ஆயுசுக்கும் உண்டு. முதல் நாள் மணவாளன் இரண்டையும் விரலில் எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கெஞ்சினான், பொடித்துத் தேனில் குழைத்துக் கொண்டுவந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். சிந்துஜா வந்து கொடுத்ததும் வாய் திறந்தது. “இம்புட்டு பட்டும் புத்தி வரல பாரு” என்று அமராவதி சொன்னாள். எந்தக் கையிலிருந்து அவள் வாங்க மாட்டேன் என்கிறாள் என்பது மணவாளனுக்குத் தெரியும்.

ஆடி மாதம் சிந்துஜாவுக்குக் கடலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டல். திங்கட்கிழமை சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு யார் கையால் மாத்திரை கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை, அவன் மட்டும் ஒரு வாரமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தான். வேறு ஆள் வைக்கலாம். அமராவதியைக் கேட்கலாம். அமராவதி ஒருநாள் வருவாள், ஒருநாள் மறப்பாள். ஒரு நாள் விடக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை திருநாவுக்கரசு மருமகளை வழியனுப்ப அரிசி மூட்டையோடு வந்தான். அமராவதியும் இருந்தாள். சிந்துஜா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். திருநாவுக்கரசு தங்கச்சியின் கட்டிலில் உட்கார்ந்து வழக்கம்போல ஆரம்பித்தான். “அன்னிக்கு மட்டும் நீ அந்த மாத்திரைய நிறுத்தாம இருந்திருந்தா...”

“மச்சான்” என்றான் மணவாளன். “அவ நிறுத்தல.”

மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“நான்தான் நிறுத்தச் சொன்னேன். வைத்தியரு வூட்டு வாசல்லேர்ந்து எனக்குப் போன் பண்ணா, வாணாம்னா போயிடறேன்னா. நான்தான் நிறுத்துன்னேன். டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்னேன், கேக்கல. மறுபடி அவ கேட்டப்போ, டாக்டரு சரின்னுட்டாருன்னு பொய் சொன்னேன். ஆஸ்பத்திரில அவ தலையிலயே போட்டேன். அவளால பேச முடியாதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன்.”

கடைசி வாக்கியம் அவன் சொல்ல நினைத்து வந்தது இல்லை. அதுவும் வெளியே வந்துவிட்டது.

திருநாவுக்கரசு எழுந்து அவன் எதிரே வந்து நின்றான். மணவாளன் அடி விழும் என்று காத்திருந்தான், விழ வேண்டும் என்றுகூட விரும்பினான். செருப்பு வாசலில்தான் கிடந்தது.

“அஞ்சு மாசமா” என்றான் திருநாவுக்கரசு. “அஞ்சு மாசமா இந்த வாயால அவளத் திட்டிட்டிருந்தனேடா மாப்ள. நீ கேட்டுக்கிட்டு நின்னியேடா.” அடிக்கவில்லை. வெளியே போய்ப் பைக்கின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அமராவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் பின்னால் போனாள். சிந்துஜா அப்பாவைப் பார்க்கவே இல்லை. கட்டிலடியில் உட்கார்ந்து அம்மாவின் செத்த கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, “அம்மா, அம்மா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். இளவரசி அழுதாள். விழுந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல்தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

மணி எட்டரை ஆகியிருந்தது. மணவாளன் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையையும் பிரித்து உள்ளங்கையில் வைத்து அவள் பக்கம் நீட்டினான். வாயருகே கொண்டுபோகத் தைரியம் வரவில்லை. அவள் ரொம்ப நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி, அவன் கையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தானே வாயில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் டம்ளரையும் அவன் கையிலிருந்து வாங்கிக் குடித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை. காலையில் அவன் பிரித்து நீட்டுவான், அவள் தன் கையால் எடுத்துக்கொள்வாள். பழகாத இடது கையிலிருந்து சில நாள் ஒன்று நழுவிக் கீழே விழும். அவன் குனிந்து எடுத்துத் துடைத்து மறுபடி உள்ளங்கையில் வைத்து நீட்டுவான். அவனை ஊட்டிவிட அவள் விடவே இல்லை.